சதுரங்கப்பட்டினத்துக் கோட்டையில் ஓர் அமாவாசை

அமாவாசையன்று பிள்ளையார்பாளையத்தில் எந்தத் தறியும் ஓடாது. தெருவே விடுமுறையில் இருக்கும்போது தனி ஆளுக்கு வீட்டில் என்ன வேலை? காலை ஏழு மணிக்குச் செங்கல்பட்டு பஸ் ஏறினேன். மகளின் பிரசவத்துக்குக் கல்பாக்கம் போன என் மனைவி சரோஜா ஐந்து மாதமாகத் திரும்பவில்லை. கையோடு அழைத்து வந்துவிடுவது என்று கிளம்பிவிட்டேன்.

எங்களுடையது கோர்வைத் தறி. புடவையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்பதால் இரண்டு பேர் வேண்டும். நான் நெய்வேன், அவள் பக்கத்தில் உட்கார்ந்து கரை நூல் சுற்றிய நாடாவைப் போடுவாள். அந்த இடத்தில் வேறு ஆளை உட்காரவைக்க எனக்கு மனம் வரவில்லை. தறியைச் சும்மா போட்டுவிட்டு அடுத்த தெருவில் கூலிக்கு நெய்கிறேன்.

"ஒரு டிக்கெட்டா?" என்றார் கண்டக்டர்.

"போறப்போ ஒண்ணு. வர்றப்போ ரெண்டுபா" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

வாலாஜாபாத் தாண்டி, செங்கல்பட்டில் பஸ் மாறி, கல்பாக்கம் சேர மணி பத்து.

"இன்னாங்க, சொல்லாம கொள்ளாம வந்துக்கினு!" என்றாள் சரோஜா. சாப்பாடு போட்டாள். மூன்று மணிக்குப் பேரனைத் தூக்கிக்கொண்டு, "வாங்க, கோட்டையப் பாக்கலாம்" என்று கிளப்பினாள். ஆட்டோவுக்கு ஐம்பது ரூபாய்.

வாசலில் இரண்டு பீரங்கிகள். சதுரங்கப்பட்டினம் ஒரு காலத்தில் துறைமுகப் பட்டினம். சுற்றுவட்டாரத்தில் நெய்த மெல்லிய துணியை டச்சுக்காரர்கள் இங்கிருந்துதான் கப்பலேற்றினார்கள். அந்தச் சரக்கைக் காக்கத்தான் இந்தச் செங்கல் மதில். நம் ஆட்கள் நெய்த துணிக்கா இத்தனை பெரிய காவல் என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு ஆங்கிலேயர் தாக்கிப் பிடித்தார்கள். இப்போது கிடங்குகள் காலி. ஊர் திரும்பாத டச்சுக்காரர்களின் கல்லறைகள்தான் மிச்சம். சரக்குமில்லை, கப்பலுமில்லை, மதில் மட்டும் நிற்கிறது. எனக்கு என் வீடு ஞாபகம் வந்தது.

சரோஜா இடிந்த மதில்மேல் ஏறி உட்கார்ந்தாள். எதிரே கடல்.

"தெனம் இவனத் தூக்கிக்கினு இங்கதான் வருவேன். எவ்ளோ தூரம் தெரியுது பாருங்க."

"அது கெடக்கட்டும். எப்ப வர்றே? தறி சும்மா கெடக்குது."

கடலைப் பார்த்தபடியே சொன்னாள்: "வேற ஆளப் போட்டுக்குங்க."

"அது உன் எடம்மா."

"தெரியும். நான் இங்கியே இருந்துக்கிறேங்க."

கத்தியிருப்பேன், பேரன் அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான்.

திரும்பும்போதும் ஒரு டிக்கெட்தான் வாங்கினேன். எட்டரை மணிக்கு வீட்டைத் திறந்து விளக்கைப் போட்டேன். என்ன தோன்றியதோ, தறியில் அவள் இடத்தில் போய் உட்கார்ந்தேன். கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவைகூட நான் அங்கே உட்கார்ந்ததில்லை.

சன்னல் என் பக்கம் இருக்கிறது. அங்கே உட்கார்ந்தால் சுவர்தான் தெரிகிறது.