ஜெயசீலி அக்கா விட்டுவைத்த துண்டு

செய்தி வந்தபோது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில், தோளில் கேமராவோடு நின்றுகொண்டிருந்தேன். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்துவிட்டார். கெட்டிமேளம் முழங்குகிறது. அந்த நேரம் பார்த்து என் மைத்துனன் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து என் காதில், அதாவது கேமரா மைக்கின் காதிலும், "அத்தான், ராஜபாளையத்துல இருந்து போன் வந்துச்சு. ஜெயசீலி அக்கா போயிட்டாவளாம். நெஞ்சு வலியாம்" என்றான். நான் கேமராவை இறக்கவில்லை. மூன்று முடிச்சும் விழுகிறவரை பிடித்தேன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்ததால் எதைப் பிடித்தேன் என்று எனக்கே தெரியாது.

பெண்ணின் அப்பா கேசட்டைப் போட்டுப் பார்க்க வந்தபோது மேளத்தையும் மீறி அந்தக் குரல் தெளிவாகக் கேட்டது. மனிதர் முகம் வெளிறிவிட்டது. "ஏம்ப்பா, தாலி கட்டுத நேரத்துல சாவுச் செய்தியா? அதை எடுத்துருப்பா, புண்ணியமாப் போவும்" என்றார். எடுத்துவிட்டேன். அக்கா இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார். ஆனால் அழிக்கவில்லை. அதையும் அக்காவிடம்தான் கற்றேன்.

நம் வீடியோக்காரர்கள் சங்க மலருக்கு அக்காவைப் பற்றி நாலு வரி எழுதித் தரச் சொன்னார்கள். நாலு வரியில் அடங்குகிற ஆளா அவர்? உங்களில் பாதிப் பேர் அவர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, அவர் போட்ட கடுங்காப்பியைக் குடித்துவிட்டு, ஓசியில் எடிட்டிங் பார்த்தவர்கள். அவருடைய வீட்டுக்காரர் ராஜபாளையத்தில் டிவியும் வீடியோ கேசட் ஓட்டுகிற டெக்கும் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். அவர் திடீரென்று இறந்துபோனபிறகு வீட்டில் மிஞ்சியது இரண்டு டெக்கும் ஒரு டிவியும்தான். ஒரு டெக்கில் ஓடவிட்டு, வேண்டியதை மட்டும் இன்னொன்றில் பதிவது. அவ்வளவுதான் அக்காவின் எடிட்டிங். கேமரா நான். மதுரைக்குப் போய் எடிட்டிங் செய்யக் கட்டுப்படியாகாத கல்யாண வீட்டுக்காரர்கள் எல்லாம் எங்களிடம் வந்தார்கள்.

வருகிறவர்கள் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, எதை எடுக்க வேண்டும் என்று சொல்வார்கள். உங்களுக்குத் தெரியாததா? விளக்கு அணைந்திருக்கும், யாரோ தும்மியிருப்பார்கள், மாலை அறுந்திருக்கும். ஒருமுறை ஒரு பெரியம்மா, திரையைக் கைகாட்டி, "அந்தா வெள்ளைச் சேலை ஒருத்தி ஓரமா நிக்கா பாரு, அந்த முண்டச்சிய மொதல்ல எடுத்துரு" என்று அக்காவிடமே சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில் டெக்கைத் தூக்கிப் போட்டிருப்பேன். அக்கா பட்டனை அமுக்கிவிட்டு, "எடுத்தாச்சு ஆச்சி. இங்க உக்காந்திருக்கவளை மட்டும் என்னால எடுக்க முடியாது, பொறுத்துக்கோங்க" என்றார். அந்த ஆச்சி அடுத்த கல்யாணத்துக்கும் எங்களிடம்தான் வந்தார்.

இப்படி எடுத்ததை எல்லாம் அக்கா தனியாக ஒரு டேப்பில் பதிந்து வைத்தார். அணைந்த விளக்கு, அறுந்த மாலை, ஓரத்தில் நின்ற பெண்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாக. தொடர்ந்து பார்க்க முடியாமல் நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். "எதுக்குக்கா இந்தப் பீடையை எல்லாம் சேத்து வைக்கிய?" என்று கேட்டேன். "நாம எங்கலே வெட்டுதோம்? விட்டுட்டுப் போறோம், அம்புட்டுதான். விட்டது எங்கயும் போவாது" என்றார். அப்போது அதைச் சும்மா ஒரு பேச்சு என்று நினைத்தேன்.

எண்பதுகளின் கடைசியில் வெங்கடேசு முதலாளி வந்தார். ராஜபாளையத்துக்கு வெளியே மருத்துவப் பஞ்சு தயாரிக்கிற சின்னக் கம்பெனி வைத்திருந்தார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பழைய ஆட்கள் நின்றுவிடுவார்கள், புதுப் பெண்கள் வருவார்கள், ஒவ்வொருத்திக்கும் மெஷினைச் சொல்லிக்கொடுத்து மேஸ்திரிக்குத் தொண்டை வற்றிப்போகிறது. "வேலையை ஒரு படமா எடுத்துட்டா, போட்டுக் காட்டிரலாம்லா?" என்றார். நல்ல யோசனைதான். பிள்ளையார் சுழி போட்டது அவர்தான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

நாங்கள் கல்யாணக்காரர்கள். படம் என்றால் எங்களுக்குத் தெரிந்தது ஒரே மாதிரிதான். முதலாளிக்கும் அப்படியே. எல்லோரும் பட்டுடுத்தி, தலைநிறையப் பூ வைத்து வரச் சொல்லிவிட்டார். அங்கே மூத்த வேலைக்காரி முத்துமாரி. மற்ற நாளில் அந்தம்மா வீட்டுக்காரரின் பழைய சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டி, முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டுதான் மெஷினிடம் போவார். படப்பிடிப்பன்று, தன் அம்மாவின் பழைய பட்டை உடுத்தி, முந்தானையைத் தழையவிட்டு, கல்யாண வீட்டில் பன்னீர் தெளிக்க நிற்கிறவர் மாதிரி மெஷின் ஓரம் நின்றார். பஞ்சை விரித்து மெத்தையாக்குகிற மெஷின் அது. பக்கவாட்டில் பெல்ட் ஓடும். பெல்ட்டுக்குத் தகர மூடி ஒன்று உண்டு. பஞ்சு அடைத்துக்கொள்கிறது என்று கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள்.

முத்துமாரி குனிந்தார். முந்தானை பெல்ட்டுக்குள் போய்விட்டது. கண்ணை மூடித் திறப்பதற்குள் பாதிச் சேலை இல்லை. நல்லவேளை, பழைய பட்டு, மடிப்பில் இற்றுப்போயிருந்தது. அது கிழிந்துகொடுத்ததால் ஆள் மிஞ்சினார். எல்லோரும் ஓவென்று கத்தினோம். பிறகு சிரித்தோம். முத்துமாரியும் சிரித்தார். ஆனால் மெஷினை விட்டு இரண்டடி தள்ளிப் போய் நின்றதைக் கேமராவில் பார்த்தேன்.

எடிட்டிங் பார்க்க வந்த முதலாளி அந்த இடத்தில் காதைப் பொத்திக்கொண்டார். "ஆயுத பூசைக்கு மெஷினுக்குச் சூடம் காட்டிட்டுப் போடப்போற படம்மா. சேலை கிழியறதாவது! அதை எடுத்துருங்க, மங்கலமா முடியட்டும்." அக்கா விரல் தன்பாட்டுக்குப் பட்டனை அமுக்கியது. அத்தனை வருசப் பழக்கம். குனிகிற முத்துமாரிக்கு அடுத்து, திரையில் ஒரு வெள்ளைக் கோடு ஓடி, சிரித்த முகத்தோடு பஞ்சுச் சுருள் நீட்டுகிற முத்துமாரி வந்துவிட்டார். முதலாளிக்குத் திருப்தி. படம் பிரமாதம் என்று ஊரெல்லாம் பேச்சு. மச்சான் கேட்டார், சம்பந்தி கேட்டார், சிநேகிதர் கேட்டார். கேசட்டைக் காப்பி போடுவது அப்போது பெரிய காரியமா? காப்பிக்கு மேல் காப்பியாக அந்தப் படம் எங்கெங்கோ போய்விட்டது.

அக்கா அதன்பிறகு சரியாகச் சாப்பிடவில்லை. "ஏலே கணேசா, எனக்கு என்னமோ சரியாப் படலை. அந்தப் படத்தைப் பாத்தா அங்க ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கு" என்றார். "நீங்க சும்மா இருங்கக்கா, நல்ல வேலை வந்திருக்கு" என்று நான்தான் பேச்சை மாற்றினேன்.

மழைக்காலம் முடிவதற்குள் தளவாய்புரத்தில் இருந்து செய்தி வந்தது. அங்கே முதலாளியின் மச்சான் கம்பெனியில், புதிதாகச் சேர்ந்த செல்லக்கனி என்ற பெண்ணின் முந்தானை பெல்ட்டில் சிக்கிவிட்டது. அவள் கட்டியிருந்தது பாலியஸ்டர் சேலை. அது கிழியவில்லை. சேலையை இழுக்கப் போன வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. அக்காவோடு நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சுற்றிவளைக்காமல் அக்கா கேட்டார்: "நீ அந்தப் படம் பாத்தியாம்மா?"

"பாத்தேங்க்கா. மூணு தடவ போட்டுக் காட்டுனாவ. முத்துமாரியக்கா எப்படி நின்னாவளோ, நானும் அச்சு அசலா அப்படியேதான் நின்னேன்" என்றாள் அந்தப் பெண்.

குறை சொல்லவில்லை அவள். தான் எதையும் தப்பாகச் செய்யவில்லை என்று எங்களுக்குப் புரியவைக்கத்தான் சொன்னாள். அக்கா கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றார். பஸ் பிடித்து ஊர் திரும்பினோம். வீட்டுக்குள் நுழைந்ததும் அந்த அமங்கல டேப்பை எடுத்து, கிழிகிற துண்டைத் தேடி, படத்தில் அதன் இடத்தில் சேர்த்தார். பாஸ் பட்டனை அமுக்கி, முந்தானை உள்ளே போகிற கணத்தை நிறுத்தி நிறுத்திப் பதிந்தார். வழக்கமாக அட்டையில் எழுதிப் படம்பிடித்துப் போடுகிற தலைப்பைக்கூட அதன் முன்னால் போடவில்லை. "இதுக்கு எழுத்து எதுக்குலே?" என்றார்.

அடுத்த வாரம் வெங்கடேசு முதலாளி வந்தார். முதல் தடவை வந்த முகம் இல்லை. "தாயி, அந்தக் கிழிஞ்ச துண்டை என்கிட்டக் குடுத்துரு. நாளைக்கு யாராவது கேஸு கீஸுன்னு வந்தா, முன்னாடியே தெரியும்னு ஆயிரும்" என்றார். குரல் தாழ்ந்துதான் இருந்தது. தெருவில் அவருடைய ஆட்கள் இரண்டு பேர், வெறுமனே எங்கள் வாசலைப் பார்த்தபடி நின்றார்கள்.

"முன்னாடியே தெரியும்தான முதலாளி? ஒங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரியாதது அந்தப் புள்ளைக்கு மட்டும்தான்" என்றார் அக்கா. "துண்டைத் தரமாட்டேன். மூடியை மாட்டுங்க, புதுப் படம் தாரேன்."

முதலாளி எழுந்துபோனார். மூடியை மாட்டினார், அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் அதற்குப்பிறகு ஒரு கம்பெனிக்காரரும் எங்களைக் கூப்பிடவில்லை. கல்யாணங்களும் குறைந்தன. அந்தம்மா ராசியில்லாதவர், அவர் கைபட்ட படத்தால்தான் கை போச்சு என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். வாசலைப் பார்த்து நின்ற ஆட்கள் கொஞ்ச நாள் வரை வந்து நின்றார்கள். நான் பயந்தது உண்மை. அக்காவும் பயந்தார். ஆனால் அவர் பயந்தது அவர்களுக்கு அல்ல.

"அந்தப் படம் நடமாடிக்கிட்டு இருக்குலே" என்பார். துண்டு சேர்த்த படம் இரண்டு கேசட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். தளவாய்புரம், வ. புதுப்பட்டி, அந்தப் பக்கத்துச் சின்னச் சின்ன ஊர்கள். பஞ்சு மெஷின் சத்தம் கேட்கிற இடமெல்லாம் இறங்கி, "பழைய படம் இருந்தாக் குடுங்க, புதுசு தாரேன்" என்பார், ஈயப் பாத்திரத்துக்கு எவர்சில்வர் தருகிறவர் மாதிரி. சிலர் கொடுத்தார்கள். சிலர் நாயை அவிழ்த்துவிடாத குறை. சிலர், "அதுவா? எங்க சகலை வாங்கிட்டுப் போனான்" என்று அடுத்த ஊரைக் கைகாட்டினார்கள். கையில் வந்த ஒவ்வொரு டேப்பையும் வீட்டில் போட்டு, அந்த வெள்ளைக் கோடு ஓடுகிறதா என்று பார்த்த பிறகுதான் அழிப்பார்.

தொண்ணூறுகளின் நடுவில் கம்ப்யூட்டர் எடிட்டிங் வந்தது. நாமெல்லாம் ரோஜாப்பூ விழுவதையும், மணமக்கள் இதயத்துக்குள் சுழல்வதையும் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்தோம். அக்கா உதிரிபாகங்களைச் சேர்த்துப் பூட்டிய ஒரு மலிவுக் கம்ப்யூட்டரை வாங்கிப் போட்டார். அதில் அவர் முதலில் ஏற்றியது கல்யாணம் இல்லை, அந்தத் துண்டு. மெதுவாக, மிக மெதுவாக ஓடவிட்டார். முந்தானை காற்றில் லேசாக எழும்பி, யாரோ கூப்பிட்ட மாதிரி பெல்ட்டை நோக்கிப் போவது அப்போதுதான் தெரிந்தது. முத்துமாரி இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார். அவர் கை சேலையைப் பிடிக்கப் பின்னாலேயே போகிறது. "பாத்தியாலே? கை போவுது பாரு. செல்லக்கனிக்கும் இப்படித்தான் போயிருக்கும்" என்றார் அக்கா.

கடைசியாக நான் பார்க்கப் போனபோது மிகவும் மெலிந்திருந்தார். "இன்னும் ஒண்ணாவது வெளிய இருக்குலே. எனக்குத் தெரியும்" என்றார். "எல்லாம் பூசணம் பிடிச்சு வீணாப் போயிருக்கும்க்கா, செத்த நேரம் படுங்க" என்றேன். தலையை ஆட்டினாரே தவிர, நம்பவில்லை.

அடக்கத்தன்று மாதா கோயிலில் பெண்கள் எல்லோரும் முந்தானையால் தலையை மூடி உட்கார்ந்திருந்தார்கள். கடைசி வரிசையில் ஒரு கூட்டம் மட்டும் தலையை மூடவில்லை. முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகியபடி எழுந்து நின்றார்கள். மரியாதை தெரியாத கூட்டம் என்று பக்கத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். முன்னால் நின்றது முத்துமாரி. பஞ்சுக் கம்பெனிப் பெண்கள். வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தார்கள். செல்லக்கனியும் இருந்தாள், இடது கையால் மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு. நான் அப்போதுதான் வாய்விட்டு அழுதேன்.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் என் கடைக்கு முன்பின் தெரியாத ஒருவர் வந்தார். கையில் ஒரு கேசட். "அண்ணாச்சி, கம்ப்யூட்டர்ல போட்டுத் தெளிவாக்கித் தருவியளாமே? புதுசா கம்பெனி போடுதேன். பொண்ணுக எல்லாம் வேலைக்குப் புதுசு. திங்கக்கெழம ஓட்டணும்" என்றார்.

போட்டேன். காப்பியின் காப்பியாகி நிறமே செத்துப்போயிருந்தது. பட்டுச் சேலை, தலைநிறையப் பூ. முத்துமாரி குனிந்தார். வெள்ளைக் கோடு ஓடியது.

"எங்க கெடச்சுது இது?" என்று கேட்டேன்.

"தளவாய்புரத்துல வெங்கடேசு முதலாளி மச்சான் கம்பெனியில பழைய மெஷின் ஒண்ணு வாங்குனேன் அண்ணாச்சி. மெஷினோட இதையும் குடுத்தாவ. தகர மூடிதான் வரலை, தொலைஞ்சுபோச்சாம்."

அக்காவின் டேப்பை எடுத்து, துண்டை அதன் இடத்தில் சேர்த்து, அவர் ஓட்டிய மாதிரியே மெதுவாக ஓடவிட்டேன். அந்த மனிதர் ஸ்டூலில் இருந்து எழுந்துவிட்டார். "ஐயையோ, நல்ல காரியம் ஆரம்பிக்கப்போறேன், இது எதுக்கு அண்ணாச்சி? எடுத்துருங்க" என்றார். செல்லக்கனி யார் என்று சொன்னேன். அவர் வாங்கியிருப்பது எந்த மெஷின் என்றும் சொன்னேன். அவர் திரும்பவும் ஸ்டூலில் உட்கார்ந்து, "இன்னொரு தடவ ஓட்டுங்க" என்றார்.

அக்கா எனக்கு விட்டுப்போனது அந்த டேப். அதில் கடைசியாக நான் சேர்த்தது, கெட்டிமேளத்துக்கு நடுவில் கேட்கிற என் மைத்துனன் குரல். கூடவே அவருடைய பயத்தையும் விட்டுப்போயிருக்கிறார். அதையும் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறேன். அந்த மனிதர் அன்றைக்கே மூடி அடிக்கப் பட்டறைக்குப் போவதாகச் சொல்லி இறங்கினார். நான் கடையைச் சாத்திவிட்டு, நிஜமாகவே போகிறாரா என்று பார்க்க அவர் பின்னாலேயே போனேன்.