குனிஞ்சாலும் ஸ்ட்ரைக்

என்ர மனுசன் விக்னராஜா பொல்லாத பிடிவாதக்காரன். பவளம் நான் சொல்லாமல் வேற ஆர் சொல்லுறது? மெல்பனில, ஃபுட்ஸ்கிரே பக்கம் ஒரு தொழிற்சாலையில இரும்புச் சாமானுகளின்ர அளவு சரிபார்க்கிற வேலை அவருக்கு. மயிரிழை பிசகினாலும் தூக்கித் தள்ளிப்போடுவார். எழுபத்திநாலில ஒரு சனிக்கிழமை, கூட வேலை செய்யிறவையின்ர பேஸ்போல் விளையாட்டுக்கு அம்பயர் வரேல்ல. "நீதானே அளவுக்காரன், வந்து நில்" எண்டு பகிடிக்கு நிப்பாட்டிச்சினம். இந்தாள் விதிப் புத்தகத்தையே வாங்கிக்கொண்டு வீட்டை வந்திட்டுது.

பிறகென்ன? குசினிக்குள்ள நான் அகப்பையைத் தூக்கிக்கொண்டு நிக்கவேணும். இவர் பின்னால குந்தியிருந்து என்ர அக்குளையும் முழங்காலையும் பாப்பார். அந்த ரெண்டுக்கும் நடுவால, நிலத்தில கிடக்கிற பிளேட் எண்ட வெள்ளைப் பலகைக்கு மேலால பந்து அடிபடாமல் போனால் ஸ்ட்ரைக். மூண்டு ஸ்ட்ரைக்கெண்டால் அடிக்கிறவன் அவுட். கறி அடிப்பிடிச்சதுதான் மிச்சம்!

ரெண்டு வருசத்தில பேஸ்போல் சங்கம் இவருக்கு அம்பயர் பட்ஜ் குடுத்துது. சண்டைக்கு வாறவனோட இவர் கத்தமாட்டார். முதுகைக் காட்டிக்கொண்டு, சின்ன பிரஷ்ஷால பிளேட்டைக் கூட்டுவார். அவன்ர கோபம் இறங்குமட்டும் கூட்டுவார்.

கெவின் எண்டொரு நெட்டையன், பெரிய அடிகாரன். ஸ்ட்ரைக் இடம் சுருங்கட்டும் எண்டு, குளிருக்கு ஒடுங்கின கோழி மாதிரிக் குனிஞ்சு நிப்பான். அடிக்கேக்க மட்டும் நிமிருவான். மற்ற அம்பயர்மார் கண்டும் காணாமல் விட்டிட்டினம். "அடிக்கிற உயரம்தான் கணக்கு, ஒளிக்கிற உயரமில்லை" எண்டு இவர் விடேல்ல.

இறுதியாட்டத்தண்டு சங்கச் செயலாளர் வந்தார். "கெவினுக்கு மற்றவை பாக்கிறமாதிரிப் பார். இல்லையெண்டால் பட்ஜைத் தந்திட்டுப் போ" எண்டு முகத்துக்கு நேர சொன்னார். பட்ஜ் இல்லாட்டி இந்த மனுசன் சனிக்கிழமையில என்ன செய்யும்? "பேசாமல் விட்டுக்குடுங்கோவன்" எண்டன். "விட்டால், ஒழுங்கா எறியிறவனுக்கு ஆரப்பா மறுமொழி சொல்லுறது?" எண்டு கேட்டுப்போட்டுப் போனார்.

கடைசி ஆள் கெவின்தான். ரெண்டு ஸ்ட்ரைக் விழுந்திட்டுது. ஒரு அடி விழுந்தால் அவன்ர பக்கத்துக்கு வெற்றி, இன்னொரு ஸ்ட்ரைக் விழுந்தால் தோல்வி. பந்து அவன்ர குனிஞ்ச தோளுக்கு மேலால வந்துது. நிமிர்ந்திருந்தால் அது நெஞ்சு உயரம். இவர் கையைத் தூக்கி "ஸ்ட்ரைக்!" எண்டு கத்தினது கடைசி வாங்கில இருந்து பாத்தவைக்கும் கேட்டுது. அண்டைக்கே பட்ஜைப் பறிச்சுப்போட்டினம், கண்கெட்டதுகள்!

மனுசன் மூலையில குந்தியிருக்கும் எண்டு நினைச்சன். எங்க! அடுத்த பருவத்தின்ர முதல் சனி, என்னையும் இழுத்துக்கொண்டு போய், பிளேட்டுக்குப் பின்னால கம்பிவலையோட கதிரையைப் போட்டு இருந்திட்டார். கெவின் குனிஞ்சான். பந்து அதே நெஞ்சு உயரத்தில வந்துது. புது அம்பயர் "போல்", அதாவது ஸ்ட்ரைக் இல்லை, எண்டு சொல்ல, வலைக்குப் பின்னாலயிருந்து இவர் "ஸ்ட்ரைக்!" எண்டார். ரெண்டாவது பந்தும் அப்பிடியே. நானும் சேர்ந்து கத்தினன். எனக்கென்ன வெக்கம்? முதல்ல சனம் சிரிச்சுது. பிறகு பந்து வரவர எங்களைத் திரும்பிப் பாக்கத் தொடங்கிச்சுது.

மூண்டாவது பந்துக்கு முதல் கெவின் திரும்பினான். அம்பயரைப் பாக்கேல்ல. வலைப்பக்கம் இவரைத்தான் பாத்தான். பாத்திட்டு, நிமிர்ந்து நிண்டான்.