கயிறு பிடித்த கை

நான். என் அண்ணன். எங்கள் மாமன். மாமன் மகன். பக்கத்து வீட்டு அண்ணன் தம்பி இரண்டு பேர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் ஒரு மாசி மாத விடியலில், அடையாறு முகத்துவாரத்துக்குத் தெற்கே எங்கள் குப்பத்துக் கரையில் வலைக்கயிற்றைப் பிடித்து நின்றது இவ்வளவு பேர்தான். மற்ற ஆண்கள் பாலவாக்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள்.

பெரிய வலை. குப்பத்துக்கே பொது. நீரோட்டம் திடீரென்று மாறியது. கயிறு எங்களையும் சேர்த்து இழுத்தது.

கொஞ்ச தூரத்தில் வெள்ளை பேண்ட் போட்ட ஒருவர். சில நாளாகவே விடியலில் வருவார். ஈர மணல் கெட்டியாக இருக்கும். அதில் ஒரு குச்சி நட்டு, சிவப்புப் பந்தைத் திருகித் திருகிப் போடுவார்.

"நைனா, ஓடியா! ஒரு கை குடு, வலை போவுது!" என்று கத்தினேன்.

ஓடி வந்தார். கயிற்றருகே வந்ததும் நின்றுவிட்டார். வலது கையைப் பார்த்தார்.

"மருதாணி வெச்ச கையாட்டம் பாத்துக்கினு நிக்கிறாரு பாரு!" என்றார் என் அண்ணன். மாமன் மகன் சிரித்தான்.

அவர் பந்தை மணலில் வைத்தார். கயிற்றைப் பிடித்தார்.

வலை கரையேறியது. நாங்கள் மீன் பிரிக்கும்போது ஆளைக் காணோம். பந்து மட்டும் கிடந்தது. அவர் பிடித்த இடத்தில் கயிறு சிவந்திருந்தது.

கயிறு தொட்டவனுக்குப் பங்கு உண்டு. அதை வேறு யாரும் தின்னக் கூடாது. எங்கள் வழக்கம். அருகிலிருந்த பங்களா காவல்காரரிடம் விசாரித்தேன்.

"அவரா? நாட்டுக்கே ஆடுனவரு. பந்தும் போடுவாரு, பேட்டும் புடிப்பாரு. மயிலாப்பூர்ல குளத்தாண்ட வூடு. நாளைக்கு சேப்பாக்கத்துல மேட்ச். அதுல நல்லா ஆடுனா மறுபடி சீமைல ஆடக் கப்பல் ஏறுவாரு."

பந்தையும் ஓலைக்கூடையில் மீனையும் எடுத்துக்கொண்டு நடந்தேன். அது மீன் ஆகாத வீடு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வாசலில் அவர் அம்மா அலறினார். "ஐயையோ! இதை எதுக்குடா இங்க எடுத்துண்டு வந்தே?"

அவர் வெளியே வந்தார். வலது கையில் கட்டு. பந்து திருகுகிற இரண்டு விரல்கள்.

"நாளைக்கு மேட்ச். கார்த்தால சைக்கிள்லேர்ந்து விழுந்துட்டு வந்து நிக்கறான்" என்று அம்மா என்னிடமே சொன்னார்.

அவர் என்னைப் பார்த்தார். கயிற்றைப் பற்றிச் சொல்லாமல் கூடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.

தெருமுனை வரை கூட வந்தார். பந்தைக் கொடுத்தேன். இடது கையால் வாங்கிக்கொண்டார். மீன் எங்களுக்குச் சரிப்படாது என்று சிரித்தார். வலைக்கு ஏன் ஆள் குறைவு என்று கேட்டார். கல்யாணத்தைச் சொன்னேன்.

"அப்போ இதை அங்க கொடுத்துடு. என் மொய்."

மறுநாள் சேப்பாக்கம் போனேன். வேலிக்கு வெளியே மரத்தடியில் நின்று பார்த்தேன். அவர் ஒரு பந்துகூடப் போடவில்லை. மட்டை பிடித்தார். பிடி நிற்கவில்லை, சீக்கிரம் அவுட். கப்பலில் வேறொருவர் போனார். அதற்குப் பிறகு அவர் நாட்டுக்கு ஆடவே இல்லை என்று காவல்காரர் சொன்னார்.

அண்ணனிடம் சொன்னேன். அவர் அன்று சாப்பிடவில்லை.

கயிற்றருகே அந்த மனிதர் தன் கையைப் பார்த்து நின்றது நாலு மூச்சு நேரம் இருக்குமா? எதை விடுகிறோம் என்று தெரிந்துதான் பிடித்திருக்கிறார். வலை போயிருந்தால் அந்த வருஷம் குப்பம் பட்டினி. இன்றும் அந்த வலையை இழுத்தது எத்தனை பேர் என்று கேட்டால், குப்பத்தில் ஆறு என்பார்கள். நான் சொல்வது ஏழு.