பேர் கேட்காமல் திருப்பி அனுப்பினேன்

விசுவாசக் குடும்பத்தாரே, காய்ச்சலில் கிடந்த ஒரு பெண்ணின் புருஷனை நான் வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். அதுவும் ஞாயிற்றுக்கிழமை, ஜெபம் முடித்த கையோடு. இந்தச் சாட்சியை அங்கிருந்துதான் தொடங்கியாக வேண்டும்.

நான் திருநெல்வேலிப் பக்கத்து நர்ஸ். ஐம்பதுகளின் நடுவில், ஓர் ஆடி மாதம், மிஷன் டாக்டர் ஐயாவோடும் அவர் மனைவியோடும் கப்பலேறித் தலைமன்னார் வழியாக இலங்கை மலைநாட்டுக்குப் போனேன். வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். பள்ளிக்கூடத்தை ஒட்டிய அறையில் ஒரு மாதம் இலவச வைத்தியம். சம்பளமில்லாத ஊழியம், நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டது.

முதல் வாரம் ஆறு நாளும் மழை. துவைத்த துணி காயவே இல்லை. வந்த நோயாளிகளும் கொஞ்சம் பேர்தான். வயதானவர்கள் வந்தார்கள், சிரங்கு பிடித்த பிள்ளைகள் வந்தார்கள். கொழுந்து பறிக்கும் பெண்களில் ஒருத்தியும் எட்டிப் பார்க்கவில்லை. இவ்வளவு தூரம் வந்தும் இவர்களுக்கு நம்மேல் நம்பிக்கை இல்லையே என்று டாக்டர் அம்மாவிடம் புலம்பினேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

ஞாயிறு எங்களுக்கு ஓய்வுநாள். அன்றைக்கு ஊசி நூல்கூடத் தொடாத வீட்டில் வளர்ந்தவள் நான். காலை ஜெபம் முடிந்ததும் டாக்டர் ஐயாவும் அம்மாவும் ஹட்டன் ஆலயத்துக்குக் காரில் போனார்கள். நான் ரயிலேறி நானுஓயா போய், அங்கிருந்து பஸ்ஸில் நுவரெலியாவைப் பார்த்து வருவதாகத் திட்டம். ஓய்வுநாளில் ஊர் சுற்றலாமா என்று மனசாட்சி கேட்டது. மலைகளைப் பார்த்துக் கர்த்தரைத் துதிக்கப் போகிறேன் என்று அதன் வாயை அடைத்தேன்.

கதவைப் பூட்டும்போது அவர் வந்து நின்றார். தலையில் கம்பளி, அதிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அம்மா, வீட்டுக்காரிக்கு நாலு நாளாக் காச்சலுங்க. நெஞ்சு வலிக்குதுங்கிறா."

"ஆறு நாளா இங்கதானே உக்காந்திருந்தோம்? அப்ப எல்லாம் எங்க போனீங்க?"

நான் கதவைப் பூட்டி முடித்தேன்.

"இன்னைக்கு லீவு. நாளைக்குக் காலையில கூட்டிட்டு வாங்க."

"சரிங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அதனால் பெரிய நோயாக இருக்காது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு முஸ்லிம் பெரியவரின் தேநீர்க் கடை. எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவார்கள். ரயில் வர நேரமிருந்தது. தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு, ஆறு நாள் சும்மா இருந்துவிட்டு லீவு நாளில் வந்து நிற்கிறார்களே என்று அவரிடமும் குறைப்பட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"தோட்டத்து ஆளுகளுக்கு ஞாயித்துக்கெழமதானே அம்மா நோய் வரும்? மத்த நாள்ல காலையில ஆள் கணக்கெடுக்குற பெரட்டுல போய் நிக்கலன்னா அன்னிக்குப் பேர் இல்ல. பேர் இல்லன்னா சம்பளம் இல்ல. காச்சலோட கொழுந்தெடுப்பாங்க, ஞாயித்துக்கெழம விழுவாங்க. நாளைக்கு வான்னா எப்படி வருவாங்க?"

தேநீரை அப்படியே பலகையில் வைத்துவிட்டேன். நான்கு நாள் காய்ச்சல், நெஞ்சுவலி, இந்த மழை. நிமோனியா என்று ஒரு கத்துக்குட்டி நர்ஸ்கூடச் சொல்லிவிடுவாள். எங்களிடம் பென்சிலின் இருந்தது. பெட்டிக்குள் பூட்டி இருந்தது. அதன் சாவி என் கைப்பையில், நுவரெலியா பார்க்கக் கிளம்பியிருந்தது.

ரயில் வந்தது. நான் ஏறவில்லை. மழையில் மேட்டுப் பாதையில் ஓட்டமும் நடையுமாகத் திரும்பினேன். பெட்டியைத் திறந்து மருந்தையும் ஊசியையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. யாரைத் தேடிப் போவது? நான் அவர் பேரைக் கேட்கவில்லை. எந்த லயம் என்றும் கேட்கவில்லை. அந்தத் தோட்டத்தில் லயங்கள் என்கிற வரிசை வீடுகள் மலைக்கு மலை சிதறிக் கிடந்தன. மூடுபனியில் ஒன்றும் தெரியவில்லை. பாதை மூன்றாகப் பிரியும் இடத்தில் ஆள் நடமாட்டமே இல்லை.

அந்தச் சேற்றில் முழங்காலிட்டேன். அழகாக ஜெபிக்க வரவில்லை. "ஆண்டவரே, நான் கேட்காமல் விட்டதை நீர் அறிவீர். அந்த வீட்டைக் காட்டும்" என்று அழுதேன். அவ்வளவுதான் ஜெபம்.

எழுந்தபோது இடதுபக்கம் மேலேயிருந்து சத்தம் கேட்டது. சாவு வீட்டில் அடிக்கும் மேளம்.

பதில் வந்துவிட்டது, நான் பிந்திவிட்டேன் என்றே நினைத்தேன். திரும்பிப் போய்விடலாம் என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. ஆனாலும் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அந்த ஏற்றத்தில் ஒவ்வொரு அடியும் எனக்குத் தண்டனையாக இருந்தது.

லயத்து ஜனம் முழுவதும் ஒற்றை அறைக் காம்பரா ஒன்றின் முன்னால் கூடியிருந்தது. கூட்டத்தில் அவர் நின்றார். நான் வாயைத் திறக்குமுன் அவரே ஓடி வந்தார்.

"அவ இல்லீங்கம்மா! இது பக்கத்து வீட்டுப் பெரியவரு. அவ உள்ள கெடக்குறா."

அடுத்த காம்பராவின் இருட்டில் அவர் மனைவி தனியாகக் கிடந்தாள். மூச்சு இரைத்தது, உதடு நீலம் பாய்ந்திருந்தது. டாக்டர் சொல்லாமல் ஊசி போட எனக்கு அனுமதி இல்லை. போட்டேன். சாவு வீட்டிலிருந்தே ஒரு பெண் வந்து அடுப்பு மூட்டி வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். நான் ஆள் அனுப்பியிருந்ததால் மத்தியானம் டாக்டர் ஐயா வந்து பார்த்தார். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் தாங்கியிருக்க மாட்டாள் என்றார். மூன்றாம் நாள் காலை காய்ச்சல் இறங்கியது. அவள் கஞ்சி கேட்டாள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம். வேறு என்ன சொல்வேன்!

இதோடு முடித்தால் இனிப்பான சாட்சியாக இருக்கும். முடிக்க மனம் வரவில்லை.

வெந்நீர் வைத்துக் கொடுத்த பெண், இறந்துபோன பெரியவரின் மகள். ஒரு வாரமாக இருமிக்கொண்டிருந்த தகப்பனை அவளும் அந்த ஞாயிறுக்காகத்தான் வைத்திருந்தாள். காலையில் அவருக்குக் கம்பளி போர்த்தித் தயாராக உட்கார வைத்திருந்தாளாம். என்னிடம் வந்து போனவர் திரும்பிப் போய், இன்றைக்குப் பார்க்க மாட்டார்களாம் என்று சொன்னதும் கம்பளியை எடுத்துவிட்டுப் படுக்க வைத்தாளாம். இதை என்மேல் கோபமில்லாமல் சொன்னாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்று வந்திருந்தாலும் பெரியவரைக் காப்பாற்றியிருக்க முடியாது என்றார் டாக்டர் ஐயா. இருக்கலாம். எனக்கு வழிகாட்டியது அவருடைய சாவு மேளம். எனக்குக் கிடைத்த பதிலுக்குள் அதுவும் இருக்கிறது.

காய்ச்சல்காரியின் புருஷனிடம் பிறகு கேட்டேன். "நாளைக்கு வர முடியாதுன்னு ஏன் சொல்லல? சரின்னு ஏன் சொன்னீங்க?"

"வேற என்னங்கம்மா சொல்றது?" என்றார்.

மிச்சமிருந்த வாரங்களில் எங்கள் ஓய்வுநாளைச் செவ்வாய்க்கிழமைக்கு மாற்றினோம். ஞாயிறு விடியற்காலையில் ஆராதனை, பிறகு கதவு திறந்திருக்கும். கொழுந்து பறிக்கும் பெண்கள் மழையில் வரிசையாக நின்றார்கள். ஊருக்குத் திரும்பிய பிறகும் இத்தனை வருடமாக என் ஞாயிறு அப்படித்தான். நுவரெலியாவை நான் இன்றுவரை பார்க்கவில்லை.

சேற்றில் முழங்காலிட்ட என்னைக் கர்த்தர் தள்ளிவிடவில்லை. உங்களையும் தள்ளமாட்டார். எவ்வளவு பிந்திவிட்டாலும் கூப்பிடுங்கள். கூப்பிட்டுவிட்டு, எந்தச் சத்தம் கேட்டாலும் அதை நோக்கி நடங்கள். உங்கள் ஓய்வுநாளில் யாராவது கதவைத் தட்டினால், முதலில் பேரைக் கேளுங்கள்.

அன்று வந்தவர் பேர் ராமையா. அவர் மனைவி செல்லம்மா. பெரியவர் பேர் வேலு. அதை அவருடைய மகளிடம் கேட்டபோது, அவரைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள்.