ஒரு சொட்டு ஈரமில்லாத படகு

ராஜபாளையத்தில் பருத்தி அரவை மில் எஞ்சினைக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்த ஞானரத்தினத்துக்கு வீட்டில் ஒரே ஒரு தடையுத்தரவு இருந்தது. காசு கொடுத்து எதையும் வாங்கக் கூடாது. கத்தரிக்காய்கூடக் கூடாது. உத்தரவு போட்டவள் அவர் மனைவி ஏசம்மாள். சந்தைக்குக் கொண்டுபோகும் நார்ப்பெட்டியை அடுப்படி ஆணியில் மாட்டி, அதை அவர் தொடக் கூடாது என்றும் சொல்லியிருந்தாள்.

அவளைக் குற்றம் சொல்ல யாருக்கும் வாய் வராது. மனுஷர் ஒருமுறை குடை வாங்கி வந்தார். பித்தானை அழுத்தினால் டப்பென்று விரியும். அந்த வில்லுக்காகவே வாங்கினார், துணியைப் பார்க்கவில்லை. அதில் மாவு சலிக்கலாம். அடுத்து ஒரு பூட்டு. உள்வேலைப்பாடு அப்படி ஒரு அழகு. அதன் சாவிக்கே அது திறக்கவில்லை. ஏசம்மாள் ஒரு பகல் முழுக்கத் தன் வீட்டு வாசலில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தாள். பிறகு எருமை வாங்கினார். நடை பிரமாதமாக இருந்ததாம். வீட்டுக்கு வந்தும் அது நடந்துகொண்டே இருந்தது, கறக்க நின்றால்தானே.

எதைக் கண்டாலும் அதற்குள் ஓடுகிற விசையைத்தான் அவர் கண் பார்க்கும். சுற்றியிருப்பது கண்ணில் படாது. ஊரில் யாராவது உதவாத சாமானை வாங்கிவிட்டால், "என்ன, ஞானரத்தினத்தைக் கூட்டிட்டுப் போனியாக்கும்?" என்று கேட்கும் அளவுக்கு அவர் பெயர் பரவியிருந்தது. அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஆனால் அந்த நார்ப்பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு வலிக்கும்.

இப்படி இருக்கையில், முப்பத்தாறாம் வருஷம், மில் முதலாளி குருசாமி கொழும்புக்குப் போய்விட்டு வந்தார். அங்கே ஒரு வெள்ளைக்காரன் மோட்டார் படகின் பின்னால் கட்டிய கயிற்றைப் பிடித்தபடி, பலகைமேல் நின்றுகொண்டே தண்ணீரில் சறுக்கிப் போனதைப் பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. ஐப்பசியில் ஸ்ரீவில்லிபுத்தூர் பெரிய கண்மாய் பெருகியதும் தானும் சறுக்கியே தீருவது என்று முடிவு கட்டிவிட்டார். ஞானரத்தினத்தைக் கூப்பிட்டார்.

"தூத்துக்குடியில பழைய மோட்டார் படகு விக்கிதாம்லே. எஞ்சின் தெரிஞ்ச ஆளு நீதான். போயி ஒண்ணப் பாத்து முடிச்சிட்டு வா."

சேதி கேட்ட ஏசம்மாள் அரிசி களைவதை நிறுத்தினாள். "ஒங்களையா வாங்கச் சொன்னாக? நம்ம குடை வெவகாரம் மொதலாளிக்குத் தெரியாதோ?"

"இது மட்டும் சரியா அமைஞ்சா, அந்தப் பெட்டிய என் கையில தருவியா?"

அவள் சிரித்துவிட்டாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "அமையட்டும். தாரேன்."

தூத்துக்குடியில் மைக்கேல் என்ற தரகர் இரண்டு படகுகளைக் காட்டினார். இரண்டிலும் எஞ்சின் நட்டநடுவே, உடலோடு சேர்த்து முடுக்கப்பட்டிருந்தது. முதல் படகு கடலில் மிதந்தது. உள்ளே கணுக்கால் தண்ணீர். ஞானரத்தினம் அதன் எஞ்சினைப் புறங்கையால் தொட்டார். சுட்டது.

"நான் வாரதுக்கு முன்னாடியே ஓட்டிச் சூடாக்கி வச்சிருக்கீரு. ஆறிக் கெடந்தா கெளம்பாதுன்னு அர்த்தம்" என்றார். மைக்கேல் மழுப்பினார்.

இரண்டாவது படகு கொட்டகைக்குள் கட்டைமேல் உட்கார்ந்திருந்தது. இரண்டு வருஷமாகத் தண்ணீரையே பார்க்கவில்லையாம். எஞ்சின் ஐஸ் மாதிரி ஆறிக் கிடந்தது. கைப்பிடியை ஒரு சுற்று சுற்றியதும் கிளம்பிவிட்டது. திருப்புளியின் நுனியை எஞ்சின்மேல் ஊன்றி, பிடியில் காதை வைத்துக் கேட்டார். எண்ணெயை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். புகையை மோந்தார். குறை சொல்ல ஒன்றும் இல்லை. பிறகு, குடை ஞாபகம் வந்ததால், இந்தத் தடவை உடலையும் பார்த்துவிடுவது என்று பலகை பலகையாகத் தடவினார். ஒரு சொட்டு ஈரமில்லை.

"அண்ணாச்சி, மரப்படகு தண்ணியில கெடக்குறதுதான் அதுக்கு நல்லது" என்றார் மைக்கேல்.

"படகு என்ன ஊறுகாயாவே, ஊறுறதுக்கு?" என்றார் ஞானரத்தினம். ஓட்டைப் படகைத் தள்ளிவிடப் பார்க்கிறான் என்று நினைத்து உள்ளூரச் சிரித்துக்கொண்டார். காய்ந்த படகு லாரியில் ஏறியது.

மில் முற்றத்தில் அதை அவர் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டார். புரட்டாசி வெயில் மண்டையைப் பிளக்க, மிளகாய் வற்றலைப் போல அதைத் தினமும் காயப்போட்டார். மழை தூறினால் அவர் நனைந்தாலும் படகு நனையாது. சாயங்காலம் துணியால் துடைப்பார்.

கண்மாய் பெருகியது. கார்த்திகை மாதம் ஒரு நல்ல நாளில் படகுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள். ஞானரத்தினம் தன் பங்குக்குச் சிலுவை போட்டுக்கொண்டார். கரை நிறையக் கூட்டம். ஏசம்மாளும் வந்திருந்தாள். முதலாளி சறுக்குப் பலகையை அக்குளில் இடுக்கியபடி படகில் ஏறினார்.

எஞ்சின் கிளம்பியது. என்ன ஓட்டம், என்ன சுதி. ஆனால் பலகைக்குப் பலகை இருந்த சந்து வழியாகக் கண்மாய் உள்ளே வந்துகொண்டிருந்தது. முதலாளி காலைத் தூக்கினார். பிறகு வேட்டியைத் தூக்கினார். கரையைவிட்டு நாலு ஆள் நீளம் போவதற்குள் படகு நிதானமாக உட்கார்ந்துவிட்டது. தண்ணீர் மூடும்வரை எஞ்சின் பிசிறு தட்டவே இல்லை என்று ஞானரத்தினம் பிற்காலத்திலும் பெருமையாகச் சொல்வார்.

கழுத்தளவுத் தண்ணீரில் நின்றபடி முதலாளி கேட்டார்: "ஏலே, எஞ்சின் நல்லாத்தான் ஓடுச்சு. படகு எங்கலே?"

கரை ஏறியதும் தீர்ப்பையும் சொன்னார். படகை உடைத்து விறகாக்க வேண்டும். ஞானரத்தினம் இனி மில் வாசலை மிதிக்கக் கூடாது.

ஏசம்மாள் தலை துவட்ட முந்தானையை நீட்டினாள். ஏதாவது திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு. மறுநாள் மாடுகளைப் பூட்டிப் படகை முழங்கால் தண்ணீர்வரை இழுத்தார். அதற்குமேல் சேற்றில் நகரவில்லை. எஞ்சினை மட்டும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, எண்ணெய் போட்டார். வேலை போய்விட்டது, பெயரும் போய்விட்டது. எஞ்சினைத் துடைக்கும்போது கண்ணையும் சேர்த்துத் துடைத்துக்கொண்டார்.

ஒரு வாரம் போல ஆனதும் ஏசம்மாள் கோடாலியை எடுத்தாள். "வாங்க. வெறகாவது மிஞ்சட்டும்."

உள்ளே தண்ணீர் நிறைந்திருந்தால் படகை அசைக்க முடியாது. இரண்டு பேரும் தகர டின்னால் இறைத்தார்கள். இறைக்க இறைக்கப் படகு சேற்றைவிட்டு மெல்ல எழும்பியது. கடைசித் தண்ணீரும் போனது. ஞானரத்தினம் உள்ளே ஏறி உட்கார்ந்து, அடுத்த வெள்ளத்துக்குக் காத்திருந்தார். வெள்ளம் வரவில்லை.

"ஏட்டி, உள்ள தண்ணி வருதா பாரு."

ஏசம்மாளும் கோடாலியோடு ஏறி, அடிப்பலகையைத் தடவினாள். சந்தெல்லாம் இறுகிக் கிடந்தது.

"ஊறிருச்சுல்லா" என்றாள். "சுந்தரபாண்டியத்துல எங்க அய்யா கோடையில வண்டிச் சக்கரத்தக் கழத்திக் கண்மாயில போட்டுருவாக. காஞ்ச மரம் ஊறி உப்புனா, கழண்ட இரும்புப் பட்டா கெட்டியாப் புடிச்சுக்கிடும். இதும் மரந்தான?"

"இத மொதல்லயே சொல்லக் கூடாதா?"

"நீங்க அதத் தெனமும் வெயில்ல காயப்போட்ட சேதிய என்கிட்டச் சொன்னியளா?"

இரண்டு பேரும் கண்மாய்க்குள் மிதந்தபடி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கோடாலி அவள் மடியில் இருந்தது. கல்யாணமான நாள் முதல் அவருக்கு இப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை.

எஞ்சினைத் திரும்ப முடுக்கி, முதலாளியைக் கெஞ்சிக் கூட்டிவந்தார். குருசாமி பயந்து பயந்துதான் கயிற்றைப் பிடித்தார். படகு பாய்ந்தது. அவர் பலகைமேல் எழுந்து நின்றார், மீசை விறைக்கச் சிரித்தார், மறு நொடி தாமரை இலைகளுக்குள் குப்புற விழுந்தார். தலையில் கொடியோடு எழுந்து, "இன்னொருக்கா ஓட்டுலே" என்றார். அன்றைக்கு இருட்டும்வரை விழுந்துகொண்டே இருந்தார். மறுநாள் காலை ஞானரத்தினம் மில்லுக்கு வேலைக்குப் போனார்.

அந்த வாரச் சந்தையன்று ஏசம்மாள் ஆணியிலிருந்து நார்ப்பெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "கத்தரிக்கா வாங்கிட்டு வாங்க."

அவர் அதைப் பத்துப் பேர் பார்க்கத் தெரு நடுவே தூக்கிக்கொண்டு போனார். சந்தையில் ஒவ்வொரு காயாக எடுத்து, காம்பை மரையாணி மாதிரி முறுக்கிப் பார்த்துப் பொறுக்கினார். ஒரு காம்பும் ஆடவில்லை.

ஏசம்மாள் அரிவாள்மணையில் உட்கார்ந்து முதல் காயை அரிந்தாள். புழு. இரண்டாவதிலும் புழு. ஞானரத்தினம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவள் சொத்தையைச் சீவி எறிந்துவிட்டு, மிச்சத்தைச் சட்டித் தண்ணீரில் போட்டாள்.

"காம்பு நல்லாத்தான் இருக்கு" என்றாள். "செத்த நேரம் தண்ணியில கெடந்தா எல்லாம் சரியாயிரும்."