மருத்துவிச்சி வகுப்பும் மிஸ்ஸின் மொழிபெயர்ப்பாளரும்

இரண்டு பேர் கதைப்பதற்கு நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்க்கிற தொழிலில், ஏச்சு எந்தப் பக்கத்திலிருந்து புறப்பட்டாலும் முதலில் வந்து விழுவது நம்முடைய காதில்தான். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்கள் யாராவது இதைப் படித்தால் ஓம் என்று தலையாட்டுவீர்கள். ஆனாலும் காலையில் எழும்பும்போதே ஆசையோடு நான் வேலைக்குப் போனது அந்தக் காலத்தில் மட்டும்தான்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. கல்முனை அப்போது மட்டக்களப்பு மாவட்டத்தோடு இருந்தது. நான் சாய்ந்தமருதில் பெண்பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் படிப்பித்துக்கொண்டிருந்தேன். மருத்துவிச்சிமாரை எங்கே, எந்த மொழியில், எப்படிப் பயிற்றுவது என்று நாடு நாடாகப் பார்த்து அரசாங்கங்களுக்கு யோசனை சொல்லும் வெளிநாட்டுச் சபை ஒன்று, மிஸ் கர்ஸ்டன் என்ற டென்மார்க் தாதியை எங்கள் கரைக்கு அனுப்பியது. எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகளைப் பயிற்ற முடியுமா, முடியாதா என்று அவர் கொழும்புக்குச் சொல்ல வேண்டும். முடியாது என்றால் திட்டம் வேறு மாகாணத்துக்குப் போய்விடும். பிள்ளைப் பேற்றில் ஒரு தாயையாவது பறிகொடுக்காத தெரு எங்கள் பக்கத்தில் இல்லாத காலம் அது.

கிளாக்கர் போய் நான் வந்தது

மிஸ்ஸுக்கு முதலில் மொழிபெயர்க்க வந்தவர் அரசாங்கக் கந்தோரில் எழுத்து வேலை பார்த்த ஒரு கிளாக்கர். நல்ல மனிதர், நல்ல இங்கிலீஷ். ஆனால் ஓர் ஆண் வாசலில் நின்று, உங்களுக்குப் போன பிள்ளை எப்படிப் பிறந்தது என்று கேட்டால் உள்ளே இருக்கிற பெண் என்ன சொல்வாள்? வீடு வீடாக ஏறி இறங்கியும் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து மிஸ்ஸுக்குக் கிடைத்த பதில் வளையல் சத்தம் மட்டுந்தான். எனக்கு ஒரு பெண்தான் வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடிக்க, எங்கள் தலைமை ஆசிரியை என் பெயரைச் சொல்லிவிட்டார்.

வாப்பா கன நேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, மாமியும் கூடப் போவதென்றால் போகலாம் என்றார். மாமி வாப்பாவின் தங்கை. கணவர் மவுத்தாகி விதவையான பிறகு பக்கத்து வீட்டுக் கலியாணத்துக்குக்கூடப் போகாதவர். முதல் நாள் முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டு, பிஸ்மி சொல்லி ஜீப்பில் ஏறினார். காரைதீவு தாண்டியபோது முக்காடு நெற்றிக்கு வந்தது. நிந்தவூர் வயல்வெளியில் காற்று அள்ளிக்கொண்டு போக, நான் பயத்தில் முன்னால் இருந்த டிரைவரைக் கூப்பிட வாயெடுத்தேன். மாமி என் கையை அழுத்திப் பிடித்தார்.

"மெதுவாப் போகச் சொல்லிராத புள்ள. இவ்வளவு காலமும் மெதுவாத்தானே இரிந்தன்."

ஒரே சொல்லில் கவிழ்ந்தேன்

மருதமுனையில் ஒரு நெசவுக்காரர் வீடு. தறிகளை நிறுத்திவிட்டு, பாயில் பெண்கள் நிறைந்திருந்தார்கள். மிஸ் சந்தோசத்தோடு தொடங்கினார்: பயிற்சி பற்றி அரசாங்கம் ஒரு கொள்கை வகுக்கப் போகிறது, அதற்கு முன் உங்கள் கருத்தைக் கேட்க வந்திருக்கிறோம். நான் பாடப் புத்தகம் வாசிப்பதுபோல அதை அப்படியே தமிழில் சொன்னேன். எங்கள் பக்கத்தில் கொள்கை என்றால் மார்க்கத்தின் கொள்கைதான். ஒரு பெண் எழும்பித் தன் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். எங்களுக்குக் கொள்கை இருக்கிறது, அது ஈமானோடு வந்தது, அதை மாற்ற எந்த வெள்ளைக்காரியும் வர வேண்டாம் என்றாள். மற்றவர்களும் முந்தானையைச் சரிசெய்யத் தொடங்கினார்கள்.

 மிஸ் என் முகத்தைப் பார்க்கிறார். நான் அவரிடம் ஒன்றும் சொல்லாமல் பாயில் இறங்கி உட்கார்ந்து, புத்தகத் தமிழை எறிந்துவிட்டுக் கதைத்தேன். இது தீனை, மார்க்கத்தைப் பற்றிய கதையில்லை. பிள்ளைப் பேறு பார்க்க யாரைப் படிப்பிக்கிறது, எங்கே வைத்துப் படிப்பிக்கிறது, படித்து முடித்தவள் எந்த ஊருக்குப் போகிறது, அவ்வளவுதான் கேள்வி என்றேன். பிள்ளையைத் தூக்கியவள் திரும்ப உட்கார்ந்தாள். பிறகு வந்தது பாருங்கள் வெள்ளம். எல்லாரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள். யாருக்கு எந்தப் பேறு கஷ்டப்பட்டது, ஆஸ்பத்திரிக்கு ஏற்ற மாட்டுக் கரத்தை வர எவ்வளவு சுணங்கியது, யார் வழியில் மவுத்தானது. நான் ஒவ்வொன்றாகப் பிடித்து இங்கிலீஷில் சொன்னேன். மிஸ் கண் கலங்கியும் சிரித்தும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்து ஜீப்பில் ஏறும்போது அந்தப் பெண்ணே ஓடிவந்து என் தோளைத் தொட்டாள்.

"இதச் சொல்லத்தானா டீச்சர் அந்தப் பெரிய சொல்லத் தூக்கிட்டு வந்த நீங்க?"

மரைக்கார் வீட்டுத் திரைச்சீலை

ஊர்ப் பெண்கள் விரும்பினால் போதாது, பள்ளிவாசலை நடத்துகிற மரைக்கார்மார் சம்மதிக்க வேண்டும். அவர்களில் பெரியவர் ஆதம்லெவ்வை மரைக்கார். சாகாமத்தில் ஏக்கர் கணக்கில் வயல் வைத்திருந்த போடியார். அவர் வேண்டாம் என்று சொன்னால் எங்கள் ஊரிலிருந்து ஒரு பெண்பிள்ளையும் வகுப்புக்கு வராது. அவருடைய வீட்டில் மண்டபத்தில் அவரும் மிஸ்ஸும், உள்ளே பெண்கள், நடுவில் திரைச்சீலை. என்னை நிலைப்படியில் உட்கார வைத்தார்கள். ஒரு பாதி ஆண்கள் பக்கம், ஒரு பாதி பெண்கள் பக்கம்.

மரைக்கார் கேட்டதெல்லாம் நியாயமான கேள்விகள். படிப்பிக்கிறவர் ஆணா, பெண்ணா? பிள்ளைகள் எங்கே தங்குவது? தொழுகைக்கு இடம் உண்டா? மிஸ் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். கடைசியில் மரைக்கார் பெருமூச்சு விட்டு, யோசிப்போம் என்றார். எங்கள் ஊரில் யோசிப்போம் என்றால் வேண்டாம் என்றுதான் அர்த்தம், அதை மிஸ்ஸுக்கு எப்படிச் சொல்வது என்று நான் தேடிக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து அவருடைய மனைவியின் குரல் வந்தது. என்னைத்தான் கூப்பிட்டார். "மகள், அந்த மிஸ்ஸுக்குச் சொல்லுங்க. எங்கட மூத்தவள் கதீஜா சாகாமத்து வயல் வாடியில, குளம் நிறைஞ்சி வான் பாஞ்சி பாதையடைச்ச நேரம், பேறு வலியில கை குடுக்க ஆளில்லாமப் போய்ச் சேர்ந்தவள். இவர் யோசிக்கட்டும். நான் யோசிச்சி முடிச்சிட்டன். எங்கட இளையவள் பௌசியா முதலாவதா வருவாள்."

தமிழில் சொன்னது மரைக்காருக்கு நேரே கேட்டுவிட்டது. அதை இங்கிலீஷில் சொல்லத்தான் வேண்டுமா என்று அவரைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னேன், ஒரு சொல்லும் விடாமல்.   மரைக்கார் தோளிலிருந்த சால்வையை எடுத்து முகத்தைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"யோசிப்பம் எண்டு சொன்னத அழிச்சிப் போடுங்க புள்ள. வீட்டுக்குள்ள முடிவெடுத்தாச்சி."

கொழும்பில் நான் என்று சொன்னது

மட்டக்களப்பில் ரயில் ஏறிக் கொழும்புக்குப் போனோம். கல்முனையிலேயே தமிழில் பயிற்றலாம் என்ற மிஸ்ஸின் யோசனையை அரசாங்கத்தின் குழு ஒன்று கேட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். நீள மேசை, சுற்றிவரக் கோட்டுப் போட்ட டாக்டர்மார், தலைக்கு மேலே கிறீச்சிடும் காற்றாடி. மாமியை வெளியே ஒரு நாற்காலியில் இருத்திவிட்டு நான் மிஸ்ஸுக்குப் பின்னால் போய் நின்றேன்.

மேசையில் பாதிப் பேர் எதிர்ப்பு. பயிற்சி என்றால் கொழும்பில், இங்கிலீஷில், விடுதியில் தங்கித்தான் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் மற்ற நாடுகளின் தரத்துக்கு வராது என்றார்கள். கல்முனைப் பிள்ளைகளுக்கு ஆசையிருந்தால் இங்கே வரட்டுமே என்று ஒருவர் கேட்டார்.  மிஸ் திரும்பி என்னைப் பார்த்து, இதற்கு நீங்களே பதில் சொல்லுங்கள் என்றார். அதுவரை என் வாயில் வந்ததெல்லாம் அவர் சொல்கிறார், இவர் கேட்கிறார் என்பதுதான். என்னுடையது என்று ஒரு வசனம் சொல்லிப் பழக்கமில்லை.  நான் நினைக்கிறேன் என்று தொடங்கினேன். தொடங்கியபின் நிறுத்தத் தெரியவில்லை. எங்கள் பிள்ளைகளைக் கொழும்புக்கு அனுப்ப எந்த உம்மாவும் சம்மதிக்க மாட்டார், கல்முனையில் வைத்தால் மரைக்கார் மகளே வருவாள் என்றேன். வலி வந்தால் எங்கள் பெண்கள் தமிழில்தான் கத்துவார்கள், அது பக்கத்தில் நிற்கிறவளுக்கு விளங்க வேண்டும் என்றேன்.

 மேசையில் யாரோ சிரித்தார். அது நல்ல சிரிப்பு. கதைத்துக் கதைத்துக் கடைசியில் ஒரு வகுப்பு, ஒரேயொரு வகுப்பு, கல்முனையில் தமிழில் நடத்திப் பார்ப்பதென்று முடிவானது. சரிவராவிட்டால் மூடுவது. எனக்கு அந்த மேசையிலேயே துள்ள வேண்டும்போல் இருந்தது. குழுத் தலைவர் எழும்பிப் போகும்போது என் பக்கத்தில் நின்றார்.

"பரீட்சை பிள்ளைகளுக்கு மட்டுமில்லை, உங்களுக்கும்தான்."

அடைமழையில் வந்த பரிசோதகர்

கல்முனையில் கடற்கரைப் பக்கம் ஒரு பெரிய வீட்டை வாடகைக்கு எடுத்தோம். முன்னறையில் பாடம், பின்னறைகளில் கட்டில்கள். பௌசியா வந்தாள். பாண்டிருப்பிலிருந்து மங்களம் வந்தாள். அவர்களைப் பார்த்து மற்றப் பிள்ளைகளும் வந்தார்கள். மிஸ் இங்கிலீஷில் சொல்ல, நான் தமிழில் சொல்ல, பிள்ளைகள் படித்தார்களோ இல்லையோ, நான் பாதி மருத்துவிச்சி ஆகிவிட்டேன்.

படிப்பு முடிகிற காலத்தில், சபையின் தலைமையகத்திலிருந்து ஒரு டாக்டர் பார்வையிட வந்தார். வகுப்பு நிலைக்குமா, மூடப்படுமா என்பது அவர் சொல்வதில் இருந்தது. அன்று பார்த்து மாரி மழை கொட்டுகிறது. அவர் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கையில் எடுக்க, வாசலில் ஒரு மாட்டுக் கரத்தை வந்து நின்றது. அக்கரைப்பற்றுக்கு அப்பாலிருந்து வயல் செய்கிற கமக்காரர் ஒருவர், நனைந்த சாக்கால் மூடி மனைவியைக் கொண்டுவந்திருந்தார். தலைப்பிள்ளை. உள்ளே எடுத்தவுடன் பேறு தொடங்கிவிட்டது.

பிள்ளை பிறந்தது, ஆனால் அழவில்லை. தாய்க்கு இரத்தம் போய்க்கொண்டிருந்தது. மிஸ்ஸும் மங்களமும் தாயைவிட்டு அசைய முடியாது. பிள்ளை பௌசியாவின் கையில். வாசல் மறைப்புக்கு அப்பால் நின்ற டாக்டர் பொறுக்க முடியாமல் உள்ளே காலை வைத்து, பிள்ளையை வாங்கக் கையை நீட்டினார். பௌசியா நிமிரவேயில்லை. துணியால் பிள்ளையின் வாயைத் துடைத்தபடி, அந்த ஐயாவை அங்கேயே நிற்கச் சொல்லுங்கள் டீச்சர் என்றாள். உலகம் சுற்றிய பெரிய டாக்டரிடம் நான் அதைச் சொல்ல வேண்டும். சொன்னேன். தயவுசெய்து என்ற சொல்லைச் சேர்க்கக்கூட நேரமில்லை. அவர் நின்றார். பௌசியா பிள்ளையின் முதுகைத் தேய்த்தாள், உள்ளங்காலைச் சுண்டினாள், திரும்பத் தேய்த்தாள். மழைச் சத்தத்துக்கு நடுவில் ஒரு சிறிய முனகல் வந்தது. பிறகு வீடே அதிர ஓர் அழுகை.

தாயும் பிழைத்தார். மங்களம் சுவரில் சாய்ந்து அழுதாள், பௌசியா கை கழுவப் போனாள். இனிப் பரீட்சையைத் தொடங்கலாமா என்று நான் டாக்டரிடம் கேட்டேன். அவருடைய தேத்தண்ணீர் ஆறிப்போயிருந்தது.

"என்னை அங்கேயே நிறுத்தத் தெரிந்த பிள்ளையிடம் நான் இனி என்ன கேட்க?"

பார்க்க வந்தவர்கள்

வகுப்பு நிலைத்தது. தங்கள் ஊரிலேயே, தங்கள் மொழியிலேயே பயிற்றுவது எப்படி என்று பார்க்க வேறு வேறு நாடுகளிலிருந்து ஆட்கள் கல்முனைக்கு வரத் தொடங்கினார்கள். மலாயாக்காரர் வந்தார்கள், எகிப்துக்காரர் வந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் ஆதம்லெவ்வை மரைக்கார் வீட்டில்தான் பகல் சாப்பாடு. எகிப்துக்காரர் ஒருவர், இந்த ஊர்ப் பெண்பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பும் யோசனை முதலில் யாருக்கு வந்தது என்று கேட்டார். மரைக்கார் தொண்டையைச் செருமி, தாம் அந்த நாளிலேயே தீர யோசித்து எடுத்த முடிவு என்று விலாவாரியாகச் சொல்லத் தொடங்கினார். நான் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தேன். உள்ளேயிருந்து கலகலவென்று பெண்களின் சிரிப்பு. எகிப்துக்காரர் என்னைக் கேள்வியோடு பார்த்தார். மரைக்கார் சோற்றுப் பீங்கானை அவர் பக்கம் தள்ளினார்.

"உள்ள சிரிச்சத மொழிபெயர்க்கத் தேவையில்ல டீச்சர்."

நாடுகளுக்கு நடுவில் உட்கார்ந்து நான் பழகிய தொழிலால் எனக்கு இன்றுவரை மிச்சமிருப்பது, எங்கள் குடும்பத்தில் புருசன் பெண்சாதி யார் கோபித்துக் கதைக்காமல் விட்டாலும் நடுவில் கொண்டுவந்து இருத்த எல்லாரும் என்னைத்தான் தேடுகிறார்கள் என்பதுதான்.