மலைக்கு முதுகு காட்டிய ஏரியல்

வயர்லெஸ் வேலையில் ஒரு வசதி உண்டு: நன்றாகக் கேட்கிற வரைக்கும் நம்மை யாரும் தேட மாட்டார்கள். என்னைப் போலக் கம்பத்தில் ஏறிக் காலம் தள்ளியவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும். இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷங்களில், கள்ளக்குறிச்சியில் ஓர் அரசு அலுவலக மாடியில் எனக்கு அந்த வேலை.

மீன் முள்

எங்கள் ஏரியல் மீன் முள் மாதிரி இருக்கும். நீட்டிய பக்கம் நன்றாகக் கேட்கும். முதுகுப் பக்கம் அரைச் செவிடு. அதை மேற்கே, கல்வராயன் மலையைப் பார்த்து நிறுத்தியிருந்தேன். மலைமேல் சுகாதார நிலையத்து நர்ஸ் செல்வியிடம் ஒரு செட் இருந்தது. அங்கே கரண்ட் கிடையாது, பேட்டரிதான். மொத்தம் இரண்டு. ஒன்று மேலே ஓடும்போது இன்னொன்று என்னிடம் சார்ஜில் இருக்கும். வாரா வாரம் பஸ்ஸில் மாறும். அந்த வாரம் செல்வி சொன்னார்:

"சின்னையன் சம்சாரத்துக்கு மாசம் நெறைஞ்சிடுச்சுங்க, தலைப்பிரசவம். நான் கூப்ட்டா ஆஸ்பத்திரி ஜீப்ப ஒடனே அனுப்பிடுங்க."

உத்தரவு

மறியல் தொடங்கியது. உளுந்தூர்பேட்டை ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்டார்கள். பஸ் நின்றது. கிழக்கேயிருந்து பந்தோபஸ்து செய்தி சரியாகக் கேட்கவில்லை என்று எங்கள் அதிகாரி ஏரியலைக் கிழக்கே திருப்பச் சொன்னார். ஸ்டோரில் இன்னொரு ஏரியல் இருந்தது. இரண்டையும் சேர்த்துக் கட்டியிருக்கலாம், அரை நாள் வேலை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அந்தச் சோம்பலை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

திருப்பியதும் செல்வியைக் கூப்பிட்டுப் பார்த்தேன். குரல் மெலிந்து வந்தது, ஆனாலும் புரிந்தது. அதிகாரியிடம் மலையைப் பற்றி மெல்ல இழுத்தேன்.

"மலையில இன்னாய்யா கலாட்டா? அங்க மரம் நின்ன எடத்துலயே கீது. போய் வேலையப் பாரு."

புளியமரம்

சார்ஜ் ஏறிய பேட்டரி என் மேஜைக்கடியிலேயே கிடந்தது. மேலே உள்ளது இறங்க இறங்கச் செல்வியின் குரல் மெலியும்; மலையைப் பார்த்த ஏரியல் என்றால் அதையும் பிடித்துவிடும், திருப்பிய ஏரியலுக்கு எட்டாது. மூன்றாம் நாள் காலை எட்டவில்லை. பேட்டரியைச் சாக்கில் சுற்றி சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

வடக்கனந்தலில் ரோட்டின் குறுக்கே ஒரு புளியமரம். மறியலில் இருந்த விவசாயி ஒருவர் சாக்கைத் தடவிப் பார்த்தார். மலை ஆஸ்பத்திரி வயர்லெஸ்ஸுக்கு என்றேன், நம்பவில்லை. அவருக்கு வயர்லெஸ் என்றால் போலீஸ். வாதாடத் தைரியமில்லாமல் திரும்பினேன். திரும்பி வந்தும் ஏரியலைத் தொடவில்லை. அதிகாரி மாடியிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். புளியமரத்தடியில் அந்த விவசாயி மரியாதையாகத்தான் சொல்லியிருந்தார்:

"ஆஸ்பத்திரி ஜீப்புன்னா நாங்களே மரத்த நவுத்தி வுடுவோங்க. இது வேற சாமான். நாளிக்கி எட்துகினு போங்க, ஒரு நாள்ல இன்னா ஆயிடப் போவுது?"

காலி பேட்டரி

மறியல் முடிந்து முதல் பஸ்ஸில் செல்வி வந்தார். நான் சைக்கிளைத் திருப்பிய அதே நாள், சின்னையன் சம்சாரத்தைத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு மலையிறங்கியிருக்கிறார்கள். பாதி வழியில் ரத்தம் நிற்காமல் தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள்.

செட்டில் பேசத்தான் பேட்டரி நிறைய வேண்டும், கேட்கக் கொஞ்சம் போதும். இது எனக்குத் தெரியும், செல்விக்குத் தெரியாது. அவர் கத்தவில்லை. காலி பேட்டரியை என் மேஜைமேல் வைத்தார்.

"அன்னிக்கி காலைலேர்ந்து கூப்ட்டுகினே இருந்தேங்க. நீங்க உளுந்தூர்பேட்டையோட பேசிக்கினு இருந்தது பூரா எனக்கு நல்லா கேட்டுச்சு."

அன்றே மாடியேறி ஏரியலை மலைப் பக்கம் திருப்பினேன். ஒரு ஸ்பேனரும் ஐந்து நிமிஷமும்தான் ஆயிற்று.